பக்கத்தில் நிற்பவர்

(ஊரிகத்தில் நடந்த குடும்பக் கூட்டத்தில் பேசியது)



வடார்க்காட்டிலிருந்து மூட்டை கட்டி வந்த நம் பாட்டன்மார் 1930-இல் இங்கே பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். தொழிலாளிகள் கைரேகை பதிய வேண்டுமென்று சுரங்க நிர்வாகம் உத்தரவிட்டது. கைரேகை திருடனுக்கல்லவா எடுப்பது என்று கொதித்து, சுரங்கத்தில் இறங்க மறுத்தார்கள். அன்று சங்கம் இல்லை. தட்டி வீட்டு லைன்களில் பக்கத்து வீட்டுக்காரர் இறங்கவில்லையென்றால் நாமும் இறங்கவில்லை, அவ்வளவுதான்.

அதே சுபாவம்தான் இன்று நம் வாயையும் மூடுகிறது. 2001-இல் சுரங்கம் மூடியபின் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு ஓடுகிறோம். காண்ட்ராக்டர் வெற்றுத் தாளை நீட்டுகிறார். முன்னால் நிற்பவர் கையெழுத்துப் போட்டால் நாமும் போடுகிறோம். ஏன் என்று கேட்டால், டிக்கெட் கவுண்டரில் இருக்கும் எங்களிடம் சொல்வது ஒன்றுதான்: "எல்லாரும் போட்டாங்க சார்."

அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற மனவியல் அறிஞர் 1950-களில் இதைச் சோதித்தார். கோடுகளின் நீளத்தை ஒப்பிட வேண்டும். குழந்தைக்கும் தெரியும் விடை. முன்பே பேசிவைத்த ஆட்கள் ஒரே குரலில் தவறாகச் சொன்னதும், நான்கில் மூன்று பேர் ஒருமுறையாவது அவர்களோடு சேர்ந்து தவறினார்கள். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னபோதோ, பெரும்பாலோர் தங்கள் கண்ணையே நம்பினார்கள்.

நம் பெண்களில் ஒருவர் சென்ற மாதம், "தொகையை எழுதுங்க, அப்புறம் போடறேன்" என்றார். பின்னால் நின்ற நால்வரும் பேனாவைத் தொடவில்லை. கேட்டவரை மறுநாள் வர வேண்டாமென்றார்கள். நால்வரும் கேட்டுக்கு வெளியே நின்ற பிறகே உள்ளே விட்டார்கள். வருகிற சம்பள நாளில் யார் முதலில் கேட்பது, யார் அவர் பக்கத்தில் நிற்பது என்று இன்றிரவே பேசி முடிப்போம்.