தியாகய்யரும் நாகையாவும் நாகரத்னம்மாளும்

(ரிச்சர்ட்ஸ் டவுனில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

"சினிமாவில் மகான்கள்" என்று தலைப்பைக் கொடுத்துவிட்டு, பத்தே நிமிஷத்தில் முடிக்கவேண்டும் என்று காரியதரிசி உத்தரவு போட்டிருக்கிறார். பின்னால் டிபன் காத்திருப்பதால் நானும் ஒப்புக்கொண்டேன்.

எங்கள் அகத்துப் பூஜை அலமாரியில் தியாகராஜ ஸ்வாமிகள் படம் ஒன்று உண்டு. பாட்டி தினமும் அதற்குச் சந்தனம் இடுவாள். அது ஸ்வாமிகள் இல்லை, சித்தூர் வி. நாகையா என்பது எனக்குப் பத்து வயதில்தான் தெரிந்தது. 1946-ல் வந்த 'தியாகய்யா' படத்தின் பாட்டுப் புத்தக அட்டையை வெட்டிக் கண்ணாடி போட்டு வைத்திருந்தாள்! கேலி செய்த என்னிடம், "யாரா இருந்தா என்னடா, பாடினது அவர் கீர்த்தனைதானே?" என்றாள்.

பாட்டி மட்டுமில்லை, ஊரே அப்படித்தான் இருந்தது. 1943-ல் பக்த போதனா, 1946-ல் தியாகய்யா, 1947-ல் யோகி வேமனா என்று மூன்று தெலுங்குக் கவிகளாகவும் நாகையாவே வாழ்ந்து காட்டினார். தியாகய்யாவை அவரே தயாரித்து, டைரக்ட் செய்து, சொந்தக் குரலில் பாடினார். பிற்பாடு 1981-ல் பாபுவின் டைரக்ஷனில் சோமயாஜுலு நடித்ததும் நல்ல படம்தான். ஆனால் என் கண்ணுக்கு ஸ்வாமிகள் என்றால் நாகையாதான்.

ராஜாவின் பொருளை வேண்டாம் என்பது போதனாவின் கதையிலும் வருகிறது, தியாகராஜர் கதையிலும் வருகிறது. போதனாவின் பாகவதத்தில் ஊறியவர் ஸ்வாமிகள். ஆகவே இதில் ஆச்சரியமில்லை.

ஸ்வாமிகள் 1847-ல் சித்தியடைந்தார். சினிமாக் கதை அத்துடன் முடிந்துவிடும். நான் சொல்ல வந்தது அதற்கப்புறம் நடந்தது. காவேரிக் கரையில் அந்தச் சமாதி கவனிப்பாரற்றுக் கிடந்தது. மைசூர் வித்வான் பிடாரம் கிருஷ்ணப்பா அதன் நிலையைக் கடிதமாக எழுதினார். யாருக்கு? நம் பெங்களூர் நாகரத்னம்மாளுக்கு. நஞ்சன்கூட்டில் 1878-ல் தேவதாசி குலத்தில் பிறந்தவர். இங்கே முனுஸ்வாமப்பாவிடம் சங்கீதம் கற்றுக்கொண்டு, சென்னையில் பெரும் பெயர் வாங்கினவர். தஞ்சை அரசவையில் இருந்த முத்துப்பழனி என்கிற தெலுங்குப் பெண் கவியின் காவியத்தை 1910-ல் பதிப்பித்து, சர்க்கார் தடைக்கும் ஆளானவர்.

அவர் தம் சொத்தைச் செலவழித்து இடத்தை வாங்கினார். 1921-ல் அஸ்திவாரம் போட்டு 1925-ல் கும்பாபிஷேகம் நடத்தினார். அந்த இடத்தில் நடந்த ஆராதனையில் பெண்கள் பாட அனுமதி இல்லை! பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று சண்டை போட்டுக்கொண்டிருந்த வித்வான்கள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள்தான் என்பதை இந்தச் சபையில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது? அம்மாள் சளைக்கவில்லை, பெண்களைச் சேர்த்துத் தனியாக ஆராதனை நடத்தினார். 1940-ஐ ஒட்டித்தான் எல்லாம் ஒன்றாயிற்று. 1952-ல் காலமான அவருக்கு ஸ்வாமிகள் சமாதிக்கு எதிரிலேயே நினைவிடம். கையைக் கூப்பியபடி உட்கார்ந்திருக்கிறார்.

மறுபடி பாட்டிக்கு வருகிறேன். பஞ்சரத்னம் ஐந்தும் அவளுக்குப் பாடம். ஆனால் சமையலறைக்கு வெளியே அவள் பாடி நான் கேட்டதில்லை. ஒருநாள் நாகரத்னம்மாள் பேரை எடுத்ததற்குத் தாத்தா, "அந்தப் பேச்செல்லாம் அகத்திலே வேண்டாம்" என்று எழுந்து போய்விட்டார். சினிமா நடிகர் படத்துக்குச் சந்தனம் இடலாம், சமாதி கட்டின அம்மாள் பேரைச் சொல்லக்கூடாது. தாத்தா கெட்டவரில்லை. அந்தக் காலத்தில் அப்படி இருந்தார். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதை இன்று வரை வெளியில் சொன்னதில்லை.

நம் வருஷாந்திர தியாகராஜ ஆராதனையில் ஸ்வாமிகள் படத்துக்கு மாலை போடுகிறோம். பஞ்சரத்னத்தில் முன்வரிசை முழுக்க மாமிகள்தான், பாடுவதும் பிரமாதம். அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நாகரத்னம்மாள் படம் ஒன்றும் வைக்கவேண்டும் என்று கமிட்டியைக் கேட்டுக்கொள்கிறேன். செலவு வேண்டாம். படத்தைச் சட்டம் போட்டுத் தயாராக வைத்திருக்கிறேன். ஏணியில் ஏற எனக்கு முழங்கால் இடம் கொடுக்காது, ஆணி அடிக்க மட்டும் இளையவர் யாராவது வரவேண்டும்.