மருத்துவப் பணியும் சொல்வன்மையும்

(வெள்ளி விழாவில், மருத்துவம் மற்றும் செவிலியர் கல்வி பயிலும் மாணவர்களை முன்வைத்து ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் ஒரே நோக்கத்துடன் உழைத்து வந்துள்ளது. நம் பிள்ளைகள் கல்லூரி வாயிலை அடைய வேண்டும் என்பதே அந்நோக்கம். புத்தகம் வாங்கித் தந்தோம், கட்டணம் செலுத்தினோம், இரவுப் பள்ளிகளில் விளக்கேற்றி வைத்தோம். இன்று நம்மவருள் மருத்துவ மாணவர்கள் உளர், செவிலியர் உளர், ஆய்வுக்கூடப் பணியாளர் உளர். அவர்கள் உள்ளே நுழைந்த பின்னர் மற்றொரு வாயில் குறுக்கே நிற்பதைக் காண்கின்றனர். அது வாய்மொழித் தேர்வு, வார்டில் நோயாளியைப் பற்றி எடுத்துரைத்தல், கருத்தரங்கில் பேசுதல் என்று பல பெயர்களில் வருகின்றது. அவ்வாயிலைப் பற்றியே இன்று நாம் பேச எடுத்துக்கொண்டுள்ளோம்.

எழுத்துத் தேர்வில் சிறந்த மதிப்பெண் பெற்ற மாணவன், நோயாளியின் கட்டிலருகே பேராசிரியர் வினவும்போது வாயடைத்து நிற்கின்றான். நோய் இன்னதென்று அவனுக்குத் தெரியும். நெஞ்சில் இருப்பது நாவுக்கு வருவதில்லை. இதற்கு அறிவுக் குறைவு காரணமன்று. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவன் திடீரென ஆங்கிலத்தில் பேச வேண்டியிருப்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் மிகப் பழையது. பெரியவர் எனப்பட்டோர் முன் வாய் திறத்தலே குற்றம் என்று தலைமுறை தலைமுறையாக நம் முன்னோருக்குக் கற்பிக்கப்பட்டது. துண்டை இடுப்பில் கட்டி, வாயைப் பொத்தி நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்த அச்சம் வெள்ளை அங்கி அணிந்தவுடன் நீங்கிவிடுவதில்லை.

அண்ணல் அம்பேத்கர் அவர்கள் 1920ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் தொடங்கிய முதல் இதழுக்கு 'மூக்நாயக்' என்று பெயரிட்டார். 'ஊமைகளின் தலைவன்' என்பது அதன் பொருள். அவரும் நம் இரட்டைமலை சீனிவாசனாரும் 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டு அவையில் அமர்ந்து, வாய் மூடி வைக்கப்பட்ட மக்களின் வழக்கை உரைத்தனர். சித்த மருத்துவராய் விளங்கிய பண்டிதர் அயோத்திதாசர், நோய்க்கு மருந்து அளித்த அதே கையால் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். மருத்துவமும் சொல்லும் ஒருவரிடமே கூடியிருத்தல் நம் மரபுக்குப் புதிதன்று.

இங்கு ஒன்றை ஒளிக்காமல் கூற வேண்டும். பேச்சுப் பயிற்சி ஒன்றே சாதி வேற்றுமையை ஒழித்துவிடாது. 2006இல் மத்திய அரசு அமைத்த, பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையிலான குழு, தில்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் விசாரித்து 2007இல் அறிக்கை அளித்தது. வாய்மொழித் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தாம் சமமாக நடத்தப்படவில்லை என்று தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர் பலர் அக்குழுவிடம் கூறினர். அத்தகைய அநீதியைச் சட்டத்தாலும் அமைப்பாலும் எதிர்க்க வேண்டும். அதே வேளையில், 'இவனுக்குச் சொல்லத் தெரியவில்லை' என்ற சாக்கை எவருக்கும் நாம் கொடுத்தலாகாது.

சொல்வன்மை பிறப்பால் வருவதா? இதற்கு மருத்துவ வரலாற்றிலிருந்தே ஒரு சான்று காட்டுவோம். ஜான் ஸ்நோ என்பார் 1813இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் ஒரு கூலித் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். அவருடைய குரல் கரகரப்பானது, கேட்பதற்கு இனிமையற்றது. இலண்டனில் மருத்துவர் சங்கக் கூட்டங்களில் அவர் முதன்முதல் பேசியபோது எவரும் மறுமொழி கூறவில்லை. அவர் பேசியதே நிகழாதது போல் கூட்டம் நடந்தது. அவர் பேசுவதை நிறுத்தவில்லை. மறு கூட்டத்திற்கும் வந்தார், மீண்டும் எழுந்தார், ஆராய்ந்து அறிந்ததை மட்டும் உரைத்தார். மெல்ல மெல்ல அவை செவி சாய்த்தது. 1855இல் அவர் இலண்டன் மருத்துவச் சங்கத்தின் தலைவரானார்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1854இல், இலண்டனின் பிராட் தெருப் பகுதியில் காலரா பரவி 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். காலரா காற்றால் பரவுகிறது என்று பெரும்பாலோர் நம்பிய காலம் அது. அவ்வாண்டு செப்டம்பர் 7ஆம் நாள் மாலை, ஸ்நோ அப்பகுதியின் நிர்வாகக் குழுவினர் முன் சென்றார். தாம் ஆராய்ந்தவை 83 மரணங்கள். அவற்றுள் வேறு குழாய்க்கு அருகில் இருந்த வீடுகளில் நிகழ்ந்தவை பத்து மட்டுமே. அப்பத்திலும் ஐந்து குடும்பத்தார் பிராட் தெரு அடிகுழாயிலிருந்தே நீர் தருவித்தவர்கள். மூன்று பேர் அக்குழாயருகே பள்ளி சென்ற குழந்தைகள். இவையே அவர் திரட்டி வைத்திருந்த உண்மைகள். மறுநாள் அந்த அடிகுழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. நோயின் வேகம் அதற்குள் தணியத் தொடங்கியிருந்தது என்பதும் உண்மையே. ஆயினும் நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. அக்குழுவினர் மருத்துவர் அல்லர். அவர்களை அசைத்தது குரலின் இனிமையும் அன்று. முறையாக அடுக்கப்பட்ட உண்மைகளே அவர்களை அசைத்தன.

ஆகவே, இளைஞர்களே, முதலில் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். நோயாளியைப் பற்றி எடுத்துரைப்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. பெயர், வயது, தொழில், ஊர், வந்த துன்பம், அது எத்தனை நாளாக உள்ளது, அது தொடங்கி வளர்ந்த விதம், முன்பு இருந்த நோய்கள், பழக்கவழக்கங்கள், குடும்பத்தார் உடல்நலம், அதன் பின்னரே உடற்பரிசோதனையில் கண்டவை, இறுதியில் நோய் இன்னதாக இருக்கலாம் என்னும் முடிவும் அதற்கான காரணமும். எக்ஸ்ரே முடிவை முதலில் கூறிவிட்டு இருமலைப் பின்னர் கூறுபவன், கூரையை வேய்ந்துவிட்டுச் சுவர் எழுப்புபவன் ஆவான்.

ஒரு சான்று தருவோம். 'இவர் 52 வயதுள்ள விவசாயக் கூலித் தொழிலாளி. மூன்று வாரமாக இருமல், மாலைதோறும் காய்ச்சல். இரண்டு மாதத்தில் ஐந்து கிலோ எடை குறைந்துள்ளது. சளியில் இரத்தம் இல்லை. ஐந்தாண்டுகளாக நீரிழிவு உண்டு. வலப்பக்க நுரையீரலின் மேற்பகுதியில் மூச்சொலி மாறுபட்டுள்ளது. காசநோய் என ஐயுறுகிறேன். சளிப் பரிசோதனை வேண்டும்.' இதனைக் கூற அரை நிமிடம் போதும். இதில் வீண்சொல் இல்லை. நீரிழிவு உள்ளவரைக் காசநோய் எளிதில் பற்றும் என்பதால் அதுவும் விடாமல் கூறப்பட்டது. இல்லாத அறிகுறியை இல்லை என்று கூறியதும் அறிவின் அடையாளமே. இந்த ஒழுங்கு மனத்தில் பதிந்துவிட்டால், ஆங்கிலச் சொல் ஒன்று தடுமாறினும் கருத்து தடுமாறாது. பிறர் உச்சரிப்பைப் போலி செய்யத் தேவையில்லை. வாக்கியத்தின் இறுதிச் சொல்லை விழுங்காமல், நிதானமாகக் கூறினால் போதும். தெரியாததை வினவினால், 'தெரியவில்லை. பார்த்துச் சொல்கிறேன்' என்று தலை நிமிர்ந்து கூறுங்கள். மழுப்புதல்தான் இழுக்கு.

கருத்தரங்கில் பேசுவோர்க்கும் இதுவே வழி. பத்து நிமிடம் தந்தால் ஒன்பதில் முடியுங்கள். திரையில் காட்டும் ஒவ்வொரு படத்திலும் ஒரு கருத்தை மட்டும் வையுங்கள். திரையில் உள்ளதை அப்படியே வாசித்தல் சொற்பொழிவு ஆகாது; அவையோருக்கும் வாசிக்கத் தெரியும்.

செவிலியராகும் நம் பெண்மக்களுக்கு ஒரு சொல். நள்ளிரவில் ஒரு தாய்க்கு உதிரப்போக்கு மிகுகின்றது. மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். 'ஐயா, அந்தம்மா கொஞ்சம் சோர்வாகத் தெரிகிறார்' என்று தயங்கிக் கூறினால், மறுமுனையில் இருப்பவர் காலையில் பார்ப்போம் எனக் கூறிவிடலாம். பெரியவரிடம் நேரே கேட்கக்கூடாது என்ற பழைய அச்சம் இங்கே ஓர் உயிரையே கொண்டுபோகும். அமெரிக்கக் கடற்படையில் தோன்றி, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டு மருத்துவமனைகளுக்கு வந்த ஒரு முறை இதற்கு உண்டு. நிலை, பின்னணி, மதிப்பீடு, வேண்டுகோள் என நான்கு படிகள். 'பதினான்காம் படுக்கையிலுள்ள தாய்க்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. இரண்டு மணி நேரத்திற்கு முன் பிரசவமானது; அப்போது இரத்த அழுத்தம் 110/70, இப்போது 90/60, நாடி 120. பிரசவத்திற்குப் பின்வரும் பெரும் உதிரப்போக்கு எனக் கருதுகிறேன். தாங்கள் உடனே வர வேண்டும். இரத்தத்திற்கு ஏற்பாடு செய்யட்டுமா?' இதில் பணிவுக்குக் குறைவில்லை, தெளிவுக்கும் குறைவில்லை.

இறுதியாக, மருத்துவர் பேச வேண்டிய அவைகளுள் தலையாயது நோயாளியே. 1984இல் பெக்மன், ஃபிராங்கல் என்னும் இருவர் அமெரிக்காவில் 74 சந்திப்புகளை ஆராய்ந்து வெளியிட்டனர். நோயாளி தம் குறையைச் சொல்லத் தொடங்கிய சராசரி 18 நொடிகளில் மருத்துவர் குறுக்கிட்டார் என அவர்கள் கண்டனர். சொல்வன்மைக்கு முதற்படி செவி கொடுத்தலே. நம் நாட்டிலும் 2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் நோயாளியுடன் உரையாடும் திறன் ஒரு பகுதியாகச் சேர்க்கப்பட்டுள்ளது.

இவ்விடத்தில் நம் பிள்ளைகள் பிறரினும் ஒரு படி முன்னே நிற்கின்றனர். 'கால் மதமதப்பாக இருக்கிறது', 'நெஞ்சு கரிக்கிறது', 'மேல் கொதிக்கிறது' என்று ஒரு பாட்டி கூறும்போது, நகரத்து மாணவன் விழிக்கக்கூடும். நம் சேரியில் வளர்ந்தவனுக்கு அச்சொற்கள் தாய்ப்பாலுடன் வந்தவை. உணர்ச்சி மழுங்கிய கால் நீரிழிவாலோ தொழுநோயாலோ நேர்ந்திருக்கலாம் என அவன் உடனே ஆராயத் தொடங்கலாம். எந்த மொழியைப் பேச நாணினோமோ, அந்த மொழியே நோயறியும் கருவி.

நோயாளியிடம் பேசும்போது துறைச் சொற்களை நீக்குங்கள். 'பாசிட்டிவ்' என்றால் நல்லது என்று எண்ணி மகிழ்ந்து வீடு திரும்புவோர் உளர். 'சளியில் காசநோய்க் கிருமி இருக்கிறது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் குணமாகும். இருமல் நின்றாலும் மாத்திரையை நிறுத்தக்கூடாது' என்று கூறுங்கள். கூறிய பின், 'புரிந்ததா?' என்று கேளாதீர்கள். நம் மக்கள் மரியாதைக்காகத் தலையாட்டிவிடுவர். 'வீட்டில் கேட்டால் என்ன சொல்வீர்கள், அம்மா?' என்று கேளுங்கள். அவர் திருப்பிக் கூறுவதில் பிழை இருப்பின் மீண்டும் விளக்குவது நம் கடமை.

வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என ஓர் அதிகாரம் அமைத்தது போன்றே 'சொல்வன்மை' எனவும் 'அவையஞ்சாமை' எனவும் அதிகாரங்கள் அமைத்தார். இவை மூன்றையும் நம் சங்கம் ஒரே இடத்தில் கற்பிக்க இயலும். மாதம் இரு ஞாயிற்றுக்கிழமைகளில் நம் படிப்பகத்தில் மருத்துவ, செவிலியர் மாணவர்கள் கூடட்டும். ஒவ்வொருவரும், நோயாளியின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடாமல், ஒரு நோய் வரலாற்றை ஐந்து நிமிடம் எடுத்துரைக்கட்டும். மூத்த மருத்துவர் ஒருவர் கடிகாரத்துடன் அமர்ந்து திருத்தட்டும். பின்னர் அதே செய்தியை நம் தெருப் பெரியவர் ஒருவருக்கு எளிய தமிழில் விளக்கட்டும். அவர் அதைத் திருப்பிக் கூறினால்தான் தேர்ச்சி. இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. இருக்கும் பலகையும் விளக்கும் போதும்.

கல்லூரியில் இடம் பெறும் உரிமையை நம் முன்னோர் போராடிப் பெற்றுத் தந்தனர். பெற்ற இடத்தில் நின்று கேட்கும்படி பேசுவது உங்கள் பொறுப்பு. உங்கள் சொல்லை நம்பி ஒரு நோயாளி படுத்திருக்கின்றார் என்பதை நினைவில் வைத்து, வரும் ஞாயிற்றுக்கிழமையே பயிற்சியைத் தொடங்குங்கள் என வேண்டி அமைகின்றோம்.