மூலிகைக் குடிநீரும் வடிகட்டும் சாதனமும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர் ஆகிய வட்டாரங்களில் வயல்கள் குறைந்து, வீடுகளும் தொழிற்சாலைகளும் பெருகிவிட்டன. நிலத்தை நம்பியிருந்த குடும்பங்கள் வேறு தொழிலைத் தேடுவது இயல்பே. அத்தகைய தொழில்களுள் மூலிகைகளிலிருந்து குடிநீர், அரிஷ்டம், தைலம் முதலியவற்றைத் தயாரிப்பதும் ஒன்றாகும். 2012-ல் டெங்குக் காய்ச்சல் பரவியபோது 9 சரக்குகள் சேர்ந்த நிலவேம்புக் குடிநீரும், 2020-ல் கொரோனா நோய் பரவியபோது 15 சரக்குகள் சேர்ந்த கபசுரக் குடிநீரும் அரசாங்கத்தாராலேயே ஜனங்களுக்கு வழங்கப்பட்டன.

இத்தொழிலைக் கூட்டுறவு முறையில் நடத்த முடியுமா என்று ஐயுற வேண்டுவதில்லை. 1944-ல் சென்னையில் வைத்தியர்கள் பங்கு சேர்த்து நிறுவிய இம்ப்காப்ஸ் என்னும் கூட்டுறவு மருந்து நிலையம் திருவான்மியூரில் இன்றும் நடைபெற்று வருகிறது. ஆனால், புதிய சங்கம் ஒன்று தன் பங்குப்பணத்தை முதலில் எதில் செலவிடுகிறது என்பதைப் பொறுத்தே அதன் ஆயுள் அமையும். பார்வைக்கு அழகான வடிகட்டும் யந்திரம் ஒன்றை வாங்கி, அது ஒரு மாதத்தில் அடைத்துக்கொண்டு மூலையில் கிடக்குமாயின், ஏழை அங்கத்தினரின் சேமிப்பும் அதனுடன் மூலையில் கிடக்கும்.

ஆகவே, யந்திரத்தைத் தேடுமுன் பண்டத்தைத் தீர்மானித்தல் அவசியம். காய்ச்சிய குடிநீர் சில மணி நேரத்திற்குள் அருந்தத்தக்கது. வைத்திருந்தால் புளித்துக் கெடும். அதை அன்றன்றே வழங்கும் சங்கத்திற்கு எவர்சில்வர் சல்லடையும், கொதிநீரில் அலசி உலர்த்திய கெட்டித் துணியுமே போதும். அரிஷ்டமோ புளித்து உண்டாகும் சாராயச் சத்தினால் நெடுநாள் கெடாமல் நிற்பது. அதைச் சில நாட்கள் அசையாமல் வைத்தால் வண்டல் தானே அடியில் படியும். தெளிந்த மேற்பகுதியைக் குழாயால் இறக்கிக்கொண்டு, கலங்கிய எஞ்சிய பகுதியை மட்டும் பில்டர் பிரஸ் என்னும் தட்டு வடிகட்டியில் செலுத்தலாம். காலம் இலவசமாகச் செய்யும் வேலைக்கு யந்திரத்தை அமர்த்துவது வீண் செலவு. தைலத்தின் முறை வேறு. அதை இளஞ்சூட்டில் வடிப்பதே சுலபம். ஆறினால் தடித்துத் துணியில் இறங்காது. தைலம் வடிக்கும் துணியில் ஈரம் சிறிதும் இருத்தலாகாது. இம்மூன்றுக்கும் ஒரே சாதனம் போதும் என்று யாரேனும் கூறின், அதை நம்பிவிடக்கூடாது.

அடுத்தபடி கவனிக்க வேண்டியது சக்கை. ஒரு பங்கு மூலிகைக்குப் பதினாறு பங்கு ஜலம் விட்டு எட்டில் ஒன்றாகக் காய்ச்சுவது வழக்கத்திலுள்ள ஒரு முறை. அதன்படி 25 கிலோ மூலிகைக்கு 400 லிட்டர் ஜலம் சேர்த்தால் 50 லிட்டர் குடிநீர் மிஞ்சும். அந்த 50 லிட்டரில் 20 லிட்டரைச் சக்கை தன்னுள் பிடித்துக்கொண்டு குப்பைக்குப் போனால், மூலிகையின் விலையிலும் விறகின் விலையிலும் ஐந்தில் இரண்டு பங்கு குப்பைக்குப் போயிற்று என்பதே பொருள். ஆதலால், பெரும்பாலான சிறு சங்கங்கள் முதலில் வாங்கத்தக்கது நுண்ணிய வடிகட்டியன்று. திருகிப் பிழியும் எளிய அழுத்து யந்திரமே.

பின்னர் வடிகட்டியைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பார்ப்போம். விற்பனை செய்பவர் தெளிந்த தண்ணீரைச் செலுத்திக் காட்டுவார். அது யாதொன்றையும் ருசுப்படுத்தாது. சங்கத்தார் தாங்கள் காய்ச்சிய குடிநீரைத் தாங்களே எடுத்துச் சென்று பரீட்சித்தல் வேண்டும். எடுத்துக்காட்டாக, 100 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள துணியில் ஒரு லிட்டர் குடிநீர் 10 நிமிஷத்தில் இறங்கியதாகக் கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 6 லிட்டர் இறங்கும் என்று கணக்கிடுவது தவறு. வண்டல் துணியின்மேல் படிந்து தடிக்கத் தடிக்க வேகம் குறையும். அதே அழுத்தத்தில் ஆறு மடங்கு காலத்தில் ஏறக்குறைய இரண்டரை மடங்கு, அதாவது இரண்டரை லிட்டர் அளவே இறங்கும். ஆகவே 50 லிட்டரை ஒரு மணியில் முடிக்க 2,000 சதுர சென்டிமீட்டருக்குக் குறையாத பரப்பு தேவை. தப்புக் கணக்கின்படி 850 போதுமென்று வாங்கிய சங்கத்தில், மாலையாகியும் வடியாத குடிநீர் அண்டாவிலேயே கெடும்.

தெளிவு வேறு, வீரியம் வேறு என்பதையும் மறக்கலாகாது. நிறம் தெளிவதற்காகக் கரித்தூள் சேர்த்து வடித்தால், கரி கலங்கலுடன் மருந்தின் கசப்புச் சத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். பார்வைக்குப் பளிங்குபோன்ற அந்த நீரைக் குடிக்கும் நோயாளிக்குப் பயன் குறையும். சங்கத்தின் பெயரும் கெடும்.

பாத்திரமும் தட்டுகளும் இரும்பாக இருத்தல் கூடாது. கடுக்காய் போன்ற துவர்ப்புச் சரக்குகள் இரும்பைத் தொட்டால் மை போல் கறுத்துவிடும். எவர்சில்வரே தக்கது. கழற்றிக் கழுவ முடியாத மூலைமுடுக்குகள் உள்ள யந்திரத்தை, விலை குறைவாயினும் விலக்குக. உடைந்தால் சீர்செய்ய ஆள் அருகில் இருக்க வேண்டும். 1964-ல் ஏற்பட்ட அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் பட்டறைகள் இவ்வட்டாரத்தாருக்கு ஒரு பாக்கியம். அங்கே செப்பனிடக்கூடிய சாதாரண யந்திரம், தூர தேசத்திலிருந்து உதிரி பாகம் வரவேண்டிய உயர்ந்த யந்திரத்தைவிட மேலானது.

சித்த, ஆயுர்வேத மருந்துகளை விற்பனைக்குத் தயாரிக்க லைசென்ஸ் தேவை. 2000-ல் மருந்து விதிகளில் சேர்க்கப்பட்ட 'டி' அட்டவணை இடச் சுத்தத்தையும், இன்ன மருந்துக்கு இன்ன சாதனம் என்பதையும் கூறுகிறது. இதற்குரிய இந்திய மருத்துவத் துறை அலுவலகம் அரும்பாக்கத்தில் இருக்கிறது. பணம் கொடுப்பதற்கு முன்னரே அங்கே விசாரித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஆழமறியாமல் காலை விடாதே என்பர் பெரியோர். பஞ்சாயத்தார் யந்திரம் வாங்கும் தீர்மானத்தைக் கொண்டுவரும்போது, அங்கத்தினர் ஒவ்வொருவரும் மூன்று கேள்விகள் கேட்கட்டும்: நம் சரக்கைக் கொண்டே பரீட்சித்தீர்களா? துணிக்கும் கழுவும் ஜலத்துக்கும் கூலிக்கும் மாதம் எவ்வளவு ஆகும்? பழுதானால் யார் சீர்செய்வார்? இவற்றுக்கு விடை கிடைத்த பின்னர் கை தூக்குவதே தம் பங்குப்பணத்தைக் காக்கும் வழியாகும்.