மனை முகவர் ஆகப் போகிறீர்களா? முதலில் கைப்பேசியைத் திறங்கள்



பட்டுக்கோட்டைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கவனிப்பது தென்னை. அடுத்து கவனிப்பது சாலையோரம் நிற்கும் 'மனைகள் விற்பனைக்கு' பலகை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்து தோப்புகள் சாய்ந்த பிறகு, மறுபடி கன்று வைப்பதா, விற்றுவிடுவதா என்று யோசித்த குடும்பங்கள் இங்கே நிறைய. விற்க ஒருவர், வாங்க ஒருவர் என்றால் நடுவில் ஒருவர் வேண்டும்தானே? அந்த இடத்துக்கு வர நினைக்கும் உங்களோடுதான் இன்று பேசப் போகிறேன். படித்து முடித்து வேலை தேடுகிறவராக இருக்கலாம். சிங்கப்பூர், வளைகுடா வேலையை முடித்து ஊர் திரும்பியவராக இருக்கலாம். "முதலீடு வேண்டாம், ஒரு பைக்கும் போனும் போதும்" என்று யாரோ உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்கிறேன்.

நான் மனை வியாபாரி இல்லை. அரசுச் சேவைகளைப் பற்றி எழுதுவது என் வேலை. ஆனால் இந்த விஷயம் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்தது. என் சித்தப்பா 2013-ல் இந்தப் பக்கம் ஒரு மனை வாங்கினார். மகள் கல்யாணத்துக்கு விற்றுக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. கல்யாணம் 2017 தை மாதம் நிச்சயமானது. விற்கப் போனால் பத்திரம் பதிய முடியாது என்றார்கள். அது அங்கீகாரம் இல்லாத மனை. அப்படிப்பட்ட மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9 அன்று இடைக்கால உத்தரவு போட்டிருந்தது. சித்தப்பா வட்டிக்கு வாங்கித்தான் கல்யாணத்தை முடித்தார். 2017 மே மாதம் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்த பிறகு, கட்டணம் கட்டி மனையைச் சரிசெய்துகொண்டார்.

அந்த மனையை வாங்கிக் கொடுத்த புரோக்கர் ஏமாற்றுக்காரர் இல்லை. எங்களுக்குத் தெரிந்தவர்தான். அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. அதற்குப் பிறகு ஊரில் அவரிடம் யாரும் நிலம் கேட்கவில்லை, தொழிலையே விட்டுவிட்டார். இந்தத் தொழிலில் உங்கள் முதலீடு உங்கள் பேர்தான். அது போனால் திரும்ப வாங்க முடியாது.

முதலில் சட்டம். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம் 2016-ல் வந்தது. தமிழ்நாட்டுக்கான விதிகள் 2017-ல் வந்தன. 500 சதுர மீட்டருக்கு மேல் இடம் பிரித்தாலோ, எட்டுக்கு மேல் அடுக்குமாடி வீடுகள் கட்டினாலோ அந்தத் திட்டத்தை ரெராவில் பதிவு செய்ய வேண்டும். 500 சதுர மீட்டர் என்பது சுமார் 12 சென்ட்தான். ஆக, நீங்கள் பார்க்கும் லேஅவுட் அநேகமாக எல்லாமே இதற்குள் வந்துவிடும். பதிவான திட்டத்தில் ஒரு மனையை விற்றுக் கொடுக்க நீங்களும் ரெராவில் முகவராகப் பதிந்திருக்க வேண்டும். விண்ணப்பம் ஆன்லைனிலேயே செய்யலாம், பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். பதியாமல் விற்றால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். அது சேர்ந்து சேர்ந்து மனை மதிப்பில் 5 சதவீதம் வரை போகலாம். உங்களுக்குக் கிடைக்கும் கமிஷனையே அது முழுங்கிவிடும்.

பதிவு செய்த முகவருக்குக் கடமைகளும் உண்டு. பதிவு எண் இல்லாத திட்டத்தை விற்கக் கூடாது. இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்லக் கூடாது. கணக்கு எழுத வேண்டும். மனை வாங்குகிறவருக்கு அவர் கேட்க உரிமையுள்ள ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். தனி ஒருவர் தன் வீட்டையோ வயலையோ இன்னொருவருக்கு விற்பது இதில் வராது. ஆனால் கவனம் அங்கேதான் இன்னும் அதிகமாக வேண்டும்.

இப்போது கைப்பேசியைத் திறங்கள். வருவாய்த் துறையின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் பட்டா, சிட்டா வரும். அ-பதிவேட்டைப் பார்த்தால் நஞ்சையா, புஞ்சையா, அரசு நிலமா என்று தெரியும். புறம்போக்கா என்று சரிபார்க்கவும் அங்கே வசதி இருக்கிறது. பிறகு பதிவுத் துறை இணையதளம். அங்கே வில்லங்கம் பார்க்கலாம், வழிகாட்டி மதிப்பும் பார்க்கலாம். பழைய வருடங்களுக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட வேண்டியிருக்கும். சலிக்காமல் போடுங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் உரிமையாளர் பேரைப் போட்டு வழக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இதையெல்லாம் செய்ய அரை நாள் போதும். இந்த அரை நாள் உழைப்புக்குத்தான் உங்களுக்குக் கமிஷன்.

ஆனால் எல்லாமே போனில் தெரிந்துவிடாது. நம் டெல்டாவில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன.

ஒன்று, கோயில், மடத்து நிலம். தஞ்சை மண்ணில் இது நிறைய. அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்க முடியாது. தலைமுறையாக அங்கே வீடு கட்டிக் குடியிருப்பதால் மட்டும் சொந்தம் ஆகிவிடாது. பஞ்சமி நிலமும் அப்படித்தான். பட்டியலின மக்களுக்காக ஒதுக்கப்பட்ட நிலம் அது, மற்றவர்களுக்கு விற்பது செல்லாது.

இரண்டு, குத்தகை. வயலின் பட்டா ஒருவர் பேரில் இருக்கும், உழுது சாகுபடி செய்கிறவர் வேறொருவராக இருப்பார். பதிவு பெற்ற குத்தகைதாரருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. வரப்பில் நின்று "யார் சாகுபடி?" என்று கேட்காமல் அட்வான்ஸ் வாங்காதீர்கள்.

மூன்று, வீட்டுப் பெண் பிள்ளைகள். பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது, 2005-ல் நாடு முழுக்க வந்தது. "தங்கச்சிக்குத்தான் நகை போட்டாச்சே" என்று அண்ணன் சொல்வார். கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் வாரிசுச் சான்று வாங்கிப் பாருங்கள். தங்கச்சி கையெழுத்து இல்லாத கிரயம் நாளைக்கு கோர்ட்டில் போய் நிற்கும்.

நான்கு, வெளிநாட்டில் இருப்பவர்கள். வெளிநாடுவாழ் இந்தியர்கள் இங்கே வீடு, வீட்டுமனை வாங்கலாம். விவசாய நிலமோ தோட்டமோ விலைக்கு வாங்க முடியாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். பட்டுக்கோட்டையில் இந்தக் கேள்வி உங்களைத் தேடி வரும். "அண்ணே, ஒரு தென்னந்தோப்பு பாருங்க" என்று சிங்கப்பூரிலிருந்து போன் வந்தால், தோப்பைத் தேடிப் போவதற்கு முன் இதைச் சொல்லிவிடுங்கள். பவர் பத்திரத்தில் விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். அவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்தப் பவர் செல்லாது.

ஐந்து, நஞ்சையை மனையாக்குவது. நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி வேண்டும், மாவட்ட ஆட்சியர் அளவில் இசைவும் தேவைப்படும். "அப்ரூவல் வந்துடும் சார்" என்ற வார்த்தையை நம்பி யாரையும் வாங்க வைக்காதீர்கள். கையில் வந்த உத்தரவைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். அந்த வயலுக்குப் பாசன வாய்க்கால் போகிறதா என்றும் பாருங்கள். வாய்க்காலை மூடிப் போட்ட மனையில் ஐப்பசி மழைக்குத் தண்ணீர் நிற்கும், அடுத்த வயல்காரருக்குத் தண்ணீர் போகாது. பட்டுக்கோட்டை கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தின் கடைமடைப் பகுதி. இங்கே தண்ணீர் வந்து சேர்வதே பெரும்பாடு.

அடுத்து அளவு. பெரியவர்கள் மா, குழி கணக்கில் பேசுவார்கள், பத்திரம் ஏக்கர், சென்ட் சொல்லும், பட்டா ஹெக்டேர், ஏர் காட்டும். ஒரு குழி 144 சதுர அடி. 100 குழி ஒரு மா, அதாவது 14,400 சதுர அடி, ஏறக்குறைய 33 சென்ட். 20 மா ஒரு வேலி, சுமார் 6.6 ஏக்கர். மூன்று மா ஒரு ஏக்கர் என்று வாய்க்கணக்காகச் சொல்வார்கள். உண்மையில் ஏக்கருக்கு 360 சதுர அடி குறையும். விலை ஏறிய இடத்தில் அது சின்னக் காசு இல்லை. அதனால் சர்வேயரை வைத்து அளந்துவிட்டே பேசுங்கள்.

கடைசியாகப் பணம். கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 10 லட்சம் ரூபாய் மனைக்கு 90,000 ரூபாய். 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பேரில் பதிந்தால் 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு. இதை வாங்குகிறவரிடம் முதல் நாளே சொல்லுங்கள், உங்கள் மேல் நம்பிக்கை வரும். அட்வான்ஸ் வங்கி வழியாகப் போகட்டும். சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. உங்கள் கமிஷன் எவ்வளவு, யார் தருவது என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் தேவை.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இது மாதச் சம்பளம் இல்லை. சில மாதம் ஒரு கிரயமும் முடியாது. வீட்டுச் செலவுக்கு ஆறு மாதத்துக்காவது வேறு வழி வைத்துக்கொண்டு இறங்குங்கள். முதல் மாதம் எதையும் விற்க வேண்டாம். உங்கள் சொந்த வீட்டின் பட்டாவையும் வில்லங்கத்தையும் எடுத்துப் படித்துப் பழகுங்கள். புரியாத இடத்தை விஏஓவிடமோ ஒரு பத்திர எழுத்தரிடமோ கேளுங்கள்.

உங்கள் முதல் வாடிக்கையாளர் என் சித்தப்பா மாதிரி ஒருவராக இருக்கலாம். அவர் கையில் இருப்பது ஒரு கல்யாணத்துக்கான பணமாக இருக்கலாம். சந்தேகம் இருந்தால் "இந்த இடம் வேண்டாம்ங்க" என்று சொல்லிவிடுங்கள். அன்றைக்குக் கமிஷன் போகும். ஆனால் அடுத்து நிலம் பார்க்கும்போது அவர் உங்களைத்தான் கூப்பிடுவார்.