காலை நடையில் பார்த்த மதுரை
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம்ம குழுக்களில் இருந்து 12 பேர் செல்போனோட மதுரை டவுனுக்குள்ள நடந்தோம். காலை ஆறு மணிக்கு ஆரம்பிச்சோம். போட்டோ எடுக்கிறதுதான் வேலை. "வேலையத்த வேலை"ன்னு சில பேர் சொன்னாங்க. அப்படி இல்லைன்னு சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

மீனாட்சி கோயிலைச் சுற்றி சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதின்னு அடுக்கடுக்கா இருக்கு. வெளி வீதிப் பக்கம் முன்னே கோட்டையும் அகழியும் இருந்துச்சு. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடிச்சு, அகழியை மூடி, ஊரை விரிவாக்கினார். அவர் நினைவா வச்சதுதான் விளக்குத்தூண். ஊர் மாறுவது புதுசு இல்லை.

நம்ம காலத்திலேயும் மாறிக்கிட்டே இருக்கு. வடக்கு ஆவணி மூல வீதியில் இருந்த சென்ட்ரல் மார்க்கெட் மாட்டுத்தாவணிக்குப் போயிருச்சு. அந்த இடத்தில் இப்ப வண்டி நிறுத்துற கட்டடம். பெரியார் பஸ் ஸ்டாண்டை இடிச்சுப் புதுசா கட்டிட்டாங்க. திருமலை நாயக்கர் கட்டின புதுமண்டபத்தில் தையல்காரங்க, பாத்திரக்கடை, புத்தகக்கடைன்னு நெருக்கமா இருந்தாங்க. அந்தக் கடைகளுக்குக் குன்னத்தூர் சத்திரத்தில் இடம் கொடுத்தாங்க. இப்ப தூண்களில் இருக்கிற சிலைகளை நல்லா பார்க்கலாம். ஆனா தையல் மெஷின் சத்தம் இல்லை.

ஒரு வீதி ஓரத்தில் மல்லிகைப்பூ கட்டிக்கிட்டிருந்த ஒரு அம்மா எங்களைக் கூப்பிட்டாங்க. "என்னையும் என் கூடையையும் சேர்த்து எடு தாயி. ரோடு போடுறப்ப எழுந்து போனேன். திரும்பி வந்து இது என் இடம்னு சொன்னா, காட்டுறதுக்கு ஒரு படம்கூட இல்லை"ன்னாங்க. எங்க எல்லாருக்கும் மனசு கனத்துப் போச்சு. கோபுரத்தை ஆயிரம் பேர் எடுக்கிறாங்க. அந்தக் கூடையை யார் எடுத்தா?

சகோதரிகளே, தெருவோர வியாபாரிகளுக்குன்னு 2014-ல் மத்திய அரசு சட்டம் போட்டிருக்கு. கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்கிற வரைக்கும் யாரையும் எழுப்பக் கூடாதுன்னு அதில் இருக்கு. நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாம வியாபாரிகளே இருக்கணும். அந்த வியாபாரிகளில் மூணில் ஒரு பங்கு பெண்கள். போட்டோ சான்றிதழ் ஆகாதுதான். ஆனா கணக்கெடுக்க வர்றவங்ககிட்ட பேச ஒரு துணை.

நம்மில் எத்தனை பேர் பூ, காய், இட்லி, கீரை விக்கிறோம்! அதனால் உங்க கடையை மாசம் ஒரு தடவை எடுங்க. பக்கத்தில் இருக்கிற கட்டடமோ பெயர்ப் பலகையோ படத்தில் தெரியணும். சூரியன் உங்க முதுகுப் பக்கம் இருந்தா முகம் தெளிவா விழும். லென்ஸை முந்தானையில் துடைச்சுக்கோங்க. அடுத்தவங்களை எடுக்கும்போது கேட்டுட்டு எடுங்க. போன் கெட்டுப்போனா படமும் போயிரும். அதனால் ரெண்டு படமாவது பிரிண்ட் போட்டு, பின்னால் தேதியும் இடமும் எழுதி, குழு நோட்டோட வச்சிருங்க.

வரவு செலவை எழுதி வைக்கக் கத்துக்கிட்டோம். அதே மாதிரி நம்ம இடத்தையும் உழைப்பையும் பதிஞ்சு வைப்போம். ஊர் எப்படி மாறினாலும் அதில் நாமும் இருந்தோம்னு தெரியட்டும்.