வலிப்பு நோய்: மருந்தின் தேர்வும் தொடர்ச்சியும்

வலிப்பு நோயைத் தெய்வக் குற்றம் என்று கருதும் வழக்கம் நாட்டின் பல பகுதிகளில் இன்னும் அற்றுப்போகவில்லை. வலிப்பு கண்டவரின் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதோடு பல வீடுகளில் சிகிச்சை முடிந்துவிடுகிறது. உண்மை வேறு. உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்நோய் உள்ளது. முறையாகக் கண்டறிந்து மருந்தளித்தால் அவர்களுள் 100க்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழ இயலும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

1912இல் பயன்பாட்டுக்கு வந்த பீனோபார்பிட்டோனும், 1938இல் வந்த பெனிட்டாயினும் விலை குறைந்தவை, இன்றும் பயன்படுபவை. கார்பமசிபைன், சோடியம் வால்புரோயேட், லெவட்டிராசிட்டாம் ஆகியவை பின்னர் சேர்ந்தன. புதியது என்பதனாலேயே ஒரு மருந்து சிறந்ததாகிவிடாது. வலிப்பின் வகை, நோயாளியின் வயது, உடனுள்ள பிற நோய்கள், விலை ஆகியவற்றைச் சீர்தூக்கியே மருத்துவர் தேர்ந்தெடுக்கிறார். மூளையின் ஒரு பகுதியில் தொடங்கும் வலிப்புக்கு ஏற்ற கார்பமசிபைன், சில நொடிகள் மட்டும் நினைவு தப்பும் வகையை அதிகப்படுத்தக்கூடும். வால்புரோயேட் பல வகைகளுக்கும் பயன்படும். ஆயினும் கருவிலுள்ள குழந்தைக்கு ஊனமும் அறிவு வளர்ச்சிக் குறைவும் நேரும் ஆபத்து இருப்பதால், கருவுறும் வயதுடைய பெண்களுக்கு இயன்றவரை அது தவிர்க்கப்படுகிறது. காசநோய்க்குத் தரப்படும் ரிபாம்பிசின், பல வலிப்பு மருந்துகளின் ஆற்றலைக் குறைத்துவிடும்.

ஒரே மருந்தைச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவதே பொதுவான முறை. அது பயன் தராதபோதே வேறு மருந்து நாடப்படுகிறது. பெனிட்டாயினால் ஈறு தடிக்கலாம். பீனோபார்பிட்டோனால் தூக்கக் கலக்கம் வரலாம். உடலில் தடிப்பு தோன்றினால் உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும். ஆனால் எக்காரணத்தாலும் நோயாளி தாமாகவே மருந்தைத் திடீரென நிறுத்தலாகாது. கருவுற்ற பெண்ணுக்கும் இது பொருந்தும். நிறுத்தினால் இடைவிடாத வலிப்பு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். பொதுவாக, குறைந்தது இரண்டு ஆண்டுகள் வலிப்பின்றிக் கழிந்த பின்னரே, மருந்தைச் சிறிது சிறிதாகக் குறைப்பது பற்றி மருத்துவர் ஆராய்வார்.

தொடர்ச்சிக்கு நோயாளி மட்டும் பொறுப்பல்லர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு வாரம் மாத்திரை இல்லையெனில், நோயாளியின் பல மாத உழைப்பு வீணாகிறது. கூலியை இழந்து தொலைவிலிருந்து வருபவர் வெறுங்கையுடன் திரும்பினால், மறுமுறை வராமலே போகலாம். ஆகவே மாதந்தோறும் தேவையைக் கணக்கிட்டு, கையிருப்பு தீருமுன்பே வரவழைப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே ஆகும்.

இந்து திருமணச் சட்டம் வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாகக் கூறியிருந்தது. 1999ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை நீக்கியது. சட்டம் அகற்றிய தடையை மருந்துத் தட்டுப்பாடு மீண்டும் எழுப்பாதிருக்கச் செய்வது நிர்வாகத்தின் கடமை.