நெல்லை விளைத்தவர் யார், கணக்கை எழுதியவர் யார்?

(நமுனுகுலவில் தோட்டத் தலைவர்களுக்கும் மாதர் தலைவிகளுக்கும் நடைபெற்ற தொழிற்சங்க வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)



வழக்கமாக இந்த வகுப்பில் சம்பளம், சேமலாப நிதி, கூட்டு ஒப்பந்தம் என்றுதான் பேசுவோம். இன்று கொஞ்சம் தூரமாகப் போகப் போகிறோம். ஏறக்குறைய பதினோராயிரம் ஆண்டுகளுக்கு முன்னே! எதற்கு என்று கேட்பீர்கள். நம்முடைய செக்ரோல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளத்தான்.

மனிதன் இந்தப் பூமியில் வாழ்ந்த காலத்தில் பெரும்பகுதி காட்டிலேயே கழிந்தது. நம் நாட்டில் பாகியங்கல குகையிலும் பட்டதொம்பலென குகையிலும் வாழ்ந்தவர்கள் குரங்கும் அணிலும் வேட்டையாடினார்கள். காட்டில் கிடைத்த கொட்டைகளையும் பழங்களையும் சேகரித்து உண்டார்கள். அங்கே துரையும் இல்லை, கங்காணியும் இல்லை. நாளைக்கென்று சேர்த்துவைக்க அதிகமாக எதுவும் இல்லை.

பிறகு மேற்காசியாவில் மக்கள் கோதுமையையும் பார்லியையும் விதைத்து அறுக்கத் தொடங்கினார்கள். சீனாவில் யாங்சி ஆற்றங்கரையில் நெல் பயிரானது. இதில் ஒரு சங்கதியைக் கவனியுங்கள். கிழங்கைத் தோண்டி எடுத்தால் நெடுங்காலம் வைத்திருக்க முடியாது. தானியம் அப்படியல்ல. காயவைத்தால் வருடக்கணக்கில் இருக்கும். அதை அளக்கலாம், களஞ்சியத்தில் பூட்டிவைக்கலாம். பூட்டிவைக்க முடிந்த பொருளை இன்னொருவர் அள்ளிக்கொண்டு போகவும் முடியும். மிஞ்சிய தானியம்தான் கோயிலைக் கட்டியது, நகரத்தைக் கட்டியது, அரசனுக்கும் படைக்கும் சோறு போட்டது. வயலில் இறங்காதவர்கள் வாழ முடிந்தது அப்போதிருந்துதான்.

இன்றைய ஈராக்கில் இருந்த சுமேரியர் நாட்டில் மழை குறைவு. யூப்ரட்டீஸ், டைகிரிஸ் ஆறுகளிலிருந்து வாய்க்கால் வெட்டி விவசாயம் செய்தார்கள். அங்கே உருக் என்ற பெரிய நகரம் எழுந்தது. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழைமையான எழுத்து அங்கே கிடைத்திருக்கிறது. முதலில் எழுதப்பட்டது என்ன? பாட்டும் இல்லை, பிரார்த்தனையும் இல்லை. கணக்கு! இத்தனை ஆடு, இத்தனை பானை தானியம் என்று களிமண் பலகையில் கீறிய கணக்கு. உலகத்தின் முதல் எழுத்தே ஒரு விதத்தில் செக்ரோல்தான்.

ஆயிரம் ஆண்டுகள் கழித்து, கி.மு. 2100-2000 காலத்தில், ஊர் என்ற நகரத்து அரசர்களின் பலகைகளைப் பாருங்கள். நெசவுக்கும் மா அரைப்பதற்கும் பெண்கள் கூட்டம் கூட்டமாக வேலை செய்தார்கள். ஆணுக்கு மாதம் பொதுவாக 60 லீட்டர் பார்லி. பெண்ணுக்கு 30 லீட்டர். கேட்டவுடன் நம் பாட்டிமாரின் ஞாபகம் வரவில்லையா? இலங்கைத் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் வந்தது 1984இல்தான். அதுவும் வேலைநிறுத்தம் செய்துதான் வந்தது. நாலாயிரம் ஆண்டுப் பழைய கணக்கை மாற்றியவர்கள் நம்முடைய தாய்மார்.

இன்னொரு பலகையல்ல, ஒரு பப்பைரஸ் தாளைப் பற்றிச் சொல்கிறேன். எகிப்தில் மூன்றாம் ராம்செஸ் மன்னனின் 29ஆம் ஆட்சி வருடம். இற்றைக்கு ஏறக்குறைய 3,150 வருடங்களுக்கு முன். அரசர்களின் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர்களுக்குக் கூலி தானியமாகத்தான் கிடைத்தது. அது நாள் கடந்தும் வரவில்லை. பசியென்று சொல்லி, கருவிகளைப் போட்டுவிட்டு, அவர்கள் ஒரு கோயிலின் பின்புறம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். தானியம் வந்தது. எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் என்று இதைச் சொல்கிறார்கள். களஞ்சியம் உண்டான இடத்தில் போராட்டமும் உண்டாகியிருக்கிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். அனுராதபுரத்தில் கி.மு. 900 அளவிலேயே இரும்புக் கருவியும் நெற்செய்கையும் மாடும் குதிரையும் கொண்ட குடியிருப்பு இருந்ததை அகழாய்வு காட்டுகிறது. வறண்ட பிரதேசத்தில் நெல் விளைய வேண்டுமென்றால் குளம் வேண்டும். ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேனன் கலாவெவவைக் கட்டினான் என்று புத்தகத்தில் படிக்கிறோம். அங்கிருந்து அனுராதபுரத்துக்குப் போகும் வாய்க்கால், முதல் 17 மைலுக்கு, ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் மட்டுமே சரிகிறது. என்ன நுட்பம்! ஆனால் அந்த மண்ணைச் சுமந்தவர்களின் பெயர் எங்கே? இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தில் மக்கள் உழைத்தார்கள். அரசன் பெயர் நின்றது. மண்வெட்டி பிடித்தவன் பெயர் போய்விட்டது.

நமுனுகுல மலைக்குக் கிழக்கே இறங்கினால் வெல்லஸ்ஸ. லட்சம் வயல் என்று அர்த்தம். 1818 கிளர்ச்சியை அடக்கிய வெள்ளைக்காரப் படை ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் வீடுகளை எரித்தது. பயிரையும் கால்நடையையும் அழித்தது. 1840இல் ஒரு கட்டளைச் சட்டம் போட்டு, உரிமை காட்ட முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் முடிக்குரிய நிலம் என்றார்கள். அந்த மலைகளில் கோப்பி வந்தது, பிறகு தேயிலை வந்தது. அதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர் வந்தார்கள். நெல் விளைத்த சிங்களக் கிராமத்தவன் நிலத்தை இழந்தான். நெல் விளைத்த ஊரைவிட்டு வந்த நம் பாட்டன், நிலமே இல்லாத லயத்து அறைக்கு வந்தான். அரிசியைத் தோட்டமே கொடுத்து சம்பளத்தில் கழித்தது. இரண்டு பேரும் ஒரே கதையின் இரண்டு பக்கம். இதை நம் அயல் கிராமத்துச் சகோதரர்களிடமும் பேச வேண்டும்.

தோழர்களே, பதினோராயிரம் வருடக் கதையிலிருந்து இரண்டு கேள்விகளை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். நிலம் யார் கையில்? கணக்கு யார் கையில்?

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த மக்களுக்குப் பாதுகாப்பான இடத்தில் சொந்தக் காணி முன்னமே இருந்திருந்தால்? அதனால்தான் வீட்டோடு காணி உறுதியையும் கேட்கிறோம். நாலு பாத்தி மரக்கறி போடுகிற மண்ணாவது நம் பெயரில் இருக்க வேண்டும்.

அடுத்தது கணக்கு. மாதர் தலைவிகளுக்கு ஒரு வேலை. ஒவ்வொருவரும் ஒரு சின்னக் கொப்பி வைத்திருங்கள். தினமும் நிறுத்த கிலோ, கழித்த கிலோ, முழுப்பேரா அரைப்பேரா என்று எழுதுங்கள். எழுதத் தெரியாத அம்மாவுக்குப் பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். மாத முடிவில் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அந்தக் கொப்பியோடு தலைவரிடம் வாருங்கள்.

எழுத்து பிறந்ததே நம் உழைப்பை எண்ணத்தான். ஐயாயிரம் வருடமாக மற்றவர்கள் எண்ணினார்கள். இனி நாமும் எண்ணுவோம்.